எக்ஸ்எல்லுக்கு அடுத்து என்ன?

பழவேற்காட்டில் மீன் ஏலம் முடிகிற நேரத்தில் கரையோரம் நின்று வண்டிகளை எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழைய வழக்கம். பூநாரை பார்க்க வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். டச்சுக் கல்லறைக்கு வருகிறவர்கள் வாயில் தூண்களில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பொன்னேரியில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு இவ்விரண்டும் பழகிவிட்டன. இரும்பின் மேல் எனக்கு ஒரு பித்து உண்டு என்பதை நண்பர்கள் அறிவார்கள். ஆகவே நான் வண்டிகளை எண்ணுகிறேன். பத்து வண்டிகளில் ஆறேழு எக்ஸ்எல்லாக இருக்கும். பின் இருக்கை கழற்றப்பட்டு அந்த இடத்தில் தெர்மோகோல் பெட்டி கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். ஓட்டுகிறவரின் கால்களுக்கு நடுவே வலை மூட்டையோ டீசல் கேனோ நிற்கும். பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். எந்த வண்டி எந்தத் தெருவுக்குள் திரும்பியது என்பதை ஈரக்கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சென்ற மாதம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது கோட்டைக்குப்பத்து நண்பர் ஒருவரின் மகன் வந்து பக்கத்தில் நின்றான். இருபத்திரண்டு வயது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு இரண்டு வருடம் நைனாவோடு ஏரிக்குப் போனவன். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. என் பித்து அவனுக்கும் தெரியும்.

“சார், எக்ஸ்எல் ஓட்டி ஓட்டி சலிச்சிடுச்சி சார். அடுத்து என்னா வண்டி எடுக்கலாம்? நீங்க சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறவனாகத்தான் நான் முன்பு இருந்தேன். இப்போது இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்எல்லைப் பற்றி. நம்மில் பலர் இந்த வண்டியை ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் ஏதோ தற்காலிக ஏற்பாடு என்ற நினைப்பு. இதன் வரலாறு சிறியதல்ல. புனேயின் கைனடிக் நிறுவனம் 1972-ல் லூனாவைக் கொண்டுவந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட் என்பதுதான் அதன் புதுமை. அந்த வழியில் வந்ததுதான் எக்ஸ்எல். நீண்ட காலம் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினோடு புகை விட்டுக்கொண்டிருந்தது. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக், 99.7 சி.சி., நான்கரைக் குதிரைத் திறனுக்கும் சற்றுக் குறைவு, எடை ஏறக்குறைய 90 கிலோ. கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை, கியர் போட வேண்டியதில்லை. ஈரக்கையோடு, செதில் ஒட்டிய விரல்களோடு ஓட்டலாம். மணலில் சிக்கினால் இறங்கி ஒரு பக்கம் தூக்கி நகர்த்திவிடலாம். ஹேண்டில்பாருக்கும் இருக்கைக்கும் நடுவே இருக்கிற அந்தத் திறந்த இடத்தை வடிவமைத்தவர் யாரோ, அவர் ஒரு மீன் வியாபாரியின் வீட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றில் அந்த இடத்தில் பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருக்கும். டேங்கின் மேல் பையனை உட்காரவைக்கலாம், வலை மூட்டையை வைக்க முடியாது.

ஆக, இதை ‘ஆரம்ப வண்டி’ என்று சொல்லும்போதே நாம் ஒரு தவறு செய்கிறோம். ஓட்டக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு அது ஆரம்ப வண்டி. அவனுடைய நைனாவுக்கு அது முடிவான வண்டி. ஒரே வண்டி, ஒரே வீடு.

‘ஆரம்ப வண்டி’ என்ற கருத்தே நம்முடையதல்ல. அது சட்டத்தால் பிறந்த கருத்து. இங்கிலாந்தில் 1961-ல் பழகுநர்கள் 250 சி.சி.க்கு மேல் ஓட்டக் கூடாது என்று வைத்தார்கள். 1983-ல் அதை 125-ஆகக் குறைத்தார்கள். ஜப்பானில் 50, 125, 400, அதற்கு மேல் என்று படிப்படியாக உரிமம். ஐரோப்பாவில் 2013 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டின்படி, முதலில் 125 சி.சி., பிறகு 35 கிலோவாட் வரை, அதில் இரண்டு வருடம் கழித்த பிறகு தேர்வெழுதி எந்த வண்டியும். அங்கே ஒருவன் “அடுத்த வண்டி என்ன?” என்று கேட்டால், அது அரசாங்கம் போட்டுக்கொடுத்த ஏணியின் அடுத்த படியைப் பற்றிய கேள்வி.

நம்மிடம் அந்த ஏணி கிடையாது. 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் ஐம்பது சி.சி. வரை பதினாறு வயதில் ஓட்டலாம் என்கிறது, மற்றதெல்லாம் பதினெட்டு. அதற்கு மேல் கியர் உண்டா இல்லையா என்ற ஒரே பாகுபாடுதான். கியர் வண்டிக்கு உரிமம் பெற்றவன் மறுநாள் காலை நூறு சி.சி.யும் வாங்கலாம், அறுநூற்றைம்பதும் வாங்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. (இதில் இன்னொன்றும் உண்டு. எக்ஸ்எல்லுக்கென்று கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் எடுத்தவன், அதை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. தனியாகத் தேர்வு கொடுத்துச் சேர்க்க வேண்டும். குப்பங்களில் பலருக்கு இது விபத்து நடந்து, காப்பீட்டுக்காரர் வந்து கேட்கும்போதுதான் தெரியவருகிறது.)

சட்டம் கட்டாத ஏணியைச் சினிமாவும் தவணைக் கடனும் சேர்ந்து கட்டிவைத்திருக்கின்றன. நூறு, அப்புறம் நூற்றைம்பது, அப்புறம் முந்நூற்றைம்பது. 1985-ல் வந்து 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ என் தலைமுறை எப்படிப் பார்த்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். பதினோரு குதிரைத் திறன். அதன் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டே இன்னார் வருகிறார் என்று சொல்வோம். எங்களுக்கு ஏணியின் உச்சி அது. இப்போது அதற்கு மேல் இரண்டு மாடி கட்டிவிட்டார்கள்.

உச்சியில் இருப்பது புல்லட். சென்னையிலிருந்து கடலோரமாக வடக்கே போகிறவர் திருவொற்றியூரைக் கடந்துதான் வர வேண்டும். ராயல் என்ஃபீல்டின் இந்திய வாழ்க்கை தொடங்கிய ஊர் அது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சின் ஆங்கிலக் கம்பெனியும் 1955-ல் கைகோத்தன. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மறைந்தபோதும் திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1994-ல் எய்ஷரோடு இணைந்தது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று ஆலைகள் தெற்கே நகர்ந்தன. ஓசூரில் மொபெட், திருவொற்றியூரில் புல்லட் என்று தமிழ்நாடு உலகுக்கு இரண்டு கோடிகளையும் செய்து கொடுத்தது. எந்தக் கோடியில் இருக்கிறோம் என்பதைக்கொண்டு ஒருவனை அளக்கிற பழக்கத்தையும் அதோடு சேர்த்து வளர்த்துக்கொண்டோம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. அரசாங்கத்தின் கணக்கில் 350 வரை சாமானியனின் வண்டி, அதற்கு மேல் ஆடம்பரம். அந்த வாரம் பொன்னேரியில் ஷோரூம் வாசல்களில் தோரணம் கட்டியிருந்தார்கள். எக்ஸ்எல்லுக்கும் அதே பத்து விழுக்காடுதான் குறைந்தது. அதற்குத் தோரணம் கட்டியதை நான் பார்க்கவில்லை.

இப்போது நான் ஏன் சட்டென்று பதில் சொல்வதில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் இதே குப்பத்தில் இன்னொரு பையன் இதே கேள்வியை என்னிடம் கேட்டான். இவனுக்குத் தூரத்து உறவு. “உனக்குப் பிடிச்சதை எடுப்பா, வயசு போனா வருமா?” என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். முந்நூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்று எடுத்தான். முன்பணத்துக்கு வீட்டிலிருந்த எக்ஸ்எல்லை மாற்றுவண்டியாகக் கொடுத்தார்கள். அக்காவின் தோடும் போனது. முதல் மாதம் பளபளப்பாகப் போயிற்று. ஆனால் வீட்டில் மீன் கொண்டுபோக வேறு வண்டி இல்லை. ஒரு விடியற்காலையில் பின்னால் இரண்டு பெட்டி ஏற்றிக்கொண்டு, ஐஸ் தண்ணீரும் மணலும் குழைந்து கிடந்த ஒரு திருப்பத்தில் சாய்ந்தான். வேகமெல்லாம் ஒன்றுமில்லை, திரும்பும்போது வழுக்கியது, அவ்வளவுதான். எக்ஸ்எல்லாக இருந்தால் காலை ஊன்றி நிறுத்தியிருப்பான். இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பைப் பெட்டிகளோடு சேர்த்து ஒரு காலால் நிறுத்த முடியாது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நான்கு மாதம் தண்ணீரில் இறங்கவில்லை. மூன்றாவது தவணை தவறியதும் கடன் கொடுத்தவர்கள் ஆளனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவனுடைய அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. “உக்காருங்க சார்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதை நான் மறக்கவில்லை.

அந்த வண்டி மோசமான வண்டி அல்ல. நெடுஞ்சாலையில் ஒரு மனிதனை எட்டு மணி நேரம் அலுப்பில்லாமல் கொண்டுபோகச் செய்த வண்டியை, வழுக்குகிற தெருவில் மீன் சுமக்கச் சொன்னோம். பிசகு கேள்வியிலேயே இருந்தது. “பிடித்தது எது?” என்று நான் கேட்டேன். “எந்தச் சாலையில், எதைச் சுமந்துகொண்டு, யார் கழுவப்போகிறார்கள்?” என்று கேட்டிருக்க வேண்டும்.

இதில் விநோதம் என்னவென்றால், இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படகு விஷயத்தில் அவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம்மிடம். பரப்புதான் பெரியதே தவிர ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். முகத்துவாரம் மணல் மூடிக்கொள்ளும், பிறகு வெள்ளம் வந்தால் திறக்கும், இடம் மாறும். ஆழமாக மூழ்குகிற பெரிய படகை இங்கே யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்து நடத்தியபோதும், பெரிய கப்பல்கள் வெளியே கடலில்தான் நின்றன. சரக்கைக் கரைசேர்த்தவை சிறு படகுகள். கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு மாறியதும், துடுப்பிலிருந்து எஞ்சினுக்கு மாறியதும் உண்மையான வளர்ச்சிகள்தாம்; ஆனால் அந்த ஒவ்வொரு மாற்றத்திலும் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்துத்தான் மாறினார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு படகு, ஏரிக்குள் நண்டு வலை போடுகிறவனுக்கு வேறொன்று. “சின்னப் படகு வைத்திருக்கிறானே” என்று ஏரிக்காரனை யாரும் கேலி செய்வதில்லை. இந்தத் தெளிவு கரைக்கு வந்து வண்டி வாங்கும்போது எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டும் உரிமை இன்னாருக்கு என்று குப்பத்தார் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு. முறை வந்த நாளில் இறால் வந்தால் கையில் பணம், வராவிட்டால் இல்லை. தவணைக் கடனுக்கு இந்த முறை தெரியாது. அது ஐந்தாம் தேதி வரும். மாதச் சம்பளக்காரனுக்காக உண்டான ஒரு கடனை, முறை வைத்துச் சம்பாதிக்கிறவன் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன பையனே சாட்சி.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார் என்று தெரியும். “பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு மீனவன் பையனுக்கு எக்ஸ்எல்லே போதும் என்று சொல்ல நீ யார்? அவனுக்கு ஆசை இருக்கக் கூடாதா?” நியாயமான கேள்வி. சிக்கனத்தைப் பற்றிய உபதேசங்கள் எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே வருகின்றன என்பதை நானும் கவனித்திருக்கிறேன். என் மைத்துனன் தி.நகரில் அலுவலகத்துக்கு நான்கு கிலோமீட்டர் போக ஒரு ஐந்நூறு சி.சி. வண்டி வைத்திருக்கிறான், அவனிடம் நான் முகத்துவாரத்தைப் பற்றிப் பேசியதில்லை. புல்லட்டில் குப்பத்துக்குள் நுழைகிற பையனுக்குக் கிடைக்கிற மரியாதை கற்பனையல்ல. பொன்னேரிக் கடைத்தெருவில் எக்ஸ்எல்லில் போகிறவனிடம் பேசுகிற தொனி வேறு, அதில் போகிறவனிடம் பேசுகிற தொனி வேறு. மீன் வாடை என்று முகம் சுளிக்கிற சமூகத்தில் முந்நூற்றைம்பது சி.சி. ஒரு பதில்தான். அந்தப் பதிலின் விலை ஒரு கால் எலும்பாக இருக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

எழுத்தாளர்களிடம் போவோம். ராபர்ட் பிர்சிக் 1968-ல் தன் மகனைப் பின்னால் உட்காரவைத்து மின்னசோட்டாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனார். 1974-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு அந்தப் பயணமே அடித்தளம். அவர் ஓட்டியது 305 சி.சி. ஹோண்டா. அமெரிக்கக் கணக்கில் சின்ன வண்டி. கூட வந்த நண்பர் ஓட்டியது விலை உயர்ந்த பிஎம்டபிள்யூ. அதன் ஹேண்டில்பார் நழுவியபோது பியர் டப்பாத் தகட்டை வெட்டி இடையில் செருகிவிடலாம் என்று பிர்சிக் சொல்ல, நண்பருக்கு அது அவமானமாகப் பட்டது என்றொரு இடம் அந்நூலில் வரும். பழவேற்காட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். டப்பாத் தகடு என்ன, ஃபைபர் படகு ஒட்டுகிற பசையை வைத்தே வண்டியின் மட்கார்டை ஒட்டி ஓட்டுகிறவர்கள் அவர்கள். தன் கையால் பிரித்துப் பூட்ட முடிகிற வண்டிதான் தன் வண்டி என்ற பிர்சிக்கின் பக்கம்தான் குப்பம் இருக்கிறது. சென்சாரும் கம்ப்யூட்டரும் நிறைந்த வண்டிகள் வந்த பிறகு எக்ஸ்எல்கூட அந்தப் பக்கம் முழுதாக இல்லை என்பது வேறு விஷயம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததிலிருந்து பழைய மெக்கானிக்குகளின் கை பாதி கட்டப்பட்டுவிட்டது.

மறுபக்கத்தில் டி.இ. லாரன்ஸ். அரேபியப் பாலைவனத்து லாரன்ஸ். பிரஃப் சுப்பீரியர் வண்டிகளாக ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தார், எட்டாவது தயாராகிக்கொண்டிருந்தது. ‘அடுத்த வண்டி’ நோய்க்கு இவரைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1935 மே 13 அன்று, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் கழித்து இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெயின்ஸ் அந்தச் சாவை மறக்காமல், மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். இன்று நம் தலையில் இருக்கும் ஹெல்மெட்டுக்கு அந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். பழவேற்காட்டுத் தெருக்களில் ஹெல்மெட்டைப் பார்ப்பது பூநாரையைப் பார்ப்பதைவிட அரிது. கேட்டால் “இங்கதான சார், பாலம் வரைக்கும்” என்பார்கள். லாரன்ஸும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் விழுந்தார்.

சரி, இந்தப் பையனுக்கு என்ன பதில்?

அவன் விஷயம் முந்தையவனுடையதைப் போன்றதல்ல என்பது பேசப் பேசத்தான் புரிந்தது. அவன் இப்போது மீன் சுமக்கவில்லை. பொன்னேரி போய், தச்சூர் கூட்டுரோட்டில் கல்கத்தா நெடுஞ்சாலை ஏறி, கும்மிடிப்பூண்டிக்குப் போகிறான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கண்டெய்னர் லாரிகள் எண்பதில் போகிற சாலையில் எக்ஸ்எல் முக்கி முக்கி ஐம்பதைத் தொடுகிறது. பின்னால் வருகிற லாரி விளக்கடித்து ஹாரன் வைக்கும்போது ஒதுங்குவதற்கு மண்ஓரம்தான் இருக்கிறது. அங்கே அவன் வண்டியைவிட வளர்ந்துவிட்டான் என்பது உண்மை. அவனுடைய சாலை மாறியிருக்கிறது. சலித்துவிட்டது என்று அவன் சொன்னது கௌரவத்துக்காக. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பயமாக இருக்கிறது என்பதுதான் உள்ளே இருந்த செய்தி. அதை அவனாகச் சொல்லவில்லை. இரண்டாவது டீ குடிக்கும்போது வந்தது.

ஆகவே மாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எதற்கு? லாரிகளோடு சேர்ந்து எழுபதில் அமைதியாகப் போகவும், தேவைப்படும்போது தாண்டவும், முக்கியமாகச் சட்டென்று நிற்கவும் வேண்டும். அதற்கு நூற்றிருபத்தைந்திலிருந்து நூற்றைம்பது வரை போதும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். 125 வரை இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் போதும் என்று சட்டம் வைத்தது. மழையில், இரவில், லாரியிலிருந்து சிந்திய ஆயிலின் மேல் பிரேக் பிடிக்க வேண்டியவனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. கையில் இருக்கும் பணத்தைச் சி.சி.க்குக் கொடுக்காமல் பிரேக்குக்குக் கொடு என்று சொன்னேன். 145 கிலோ, 150 கிலோ அளவில் இருக்கும் வண்டியை மணலில் அவனால் ஒற்றையாகச் சமாளிக்க முடியும். 195 கிலோவை முடியாது. முடியும் என்று அவன் நினைக்கிறான் என்பது வேறு.

பிறகு உப்பு. ஷோரூம்காரர் யாரும் சொல்லாத விஷயம் இது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு நாடாப் போலக் கிடக்கிற ஊரில் காற்றே உப்பு. குரோம் பூசிய பாகங்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை இடத்தில் துரு. புல்லட்டின் அழகே குரோமில் இருக்கிறது. சைலன்சர், ஸ்போக் கம்பி, ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாகப் புள்ளி விழும். திறந்து கிடக்கிற செயின் ஒரு மழைக்காலத்தில் சிவந்துவிடும். முழுக்க மூடிய செயின் கவர் உள்ள வண்டிகளில் அந்தத் தொல்லை குறைவு. பழைய நூறு சி.சி.க்களில் அது பெரும்பாலும் இருந்தது, இப்போது ‘ஸ்போர்ட்டாக’த் தெரிவதற்காக எடுத்துவிடுகிறார்கள். அலாய் சக்கரம் இங்கே அலங்காரமல்ல, அவசியம். மின்இணைப்புகளில் கிரீஸ் தடவித்தான் ஓட்ட வேண்டும்.

துருவைத் தடுக்க ஒரே நிச்சயமான வழி நல்ல தண்ணீரில் கழுவுவது. நல்ல தண்ணீர் என்று எளிதாக எழுதிவிட்டேன். பழவேற்காட்டுக் கிணறுகளில் பலவற்றில் வருவது உப்பு. குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து, இடுப்பில் வைத்துக் கொண்டுவருகிறவர் வீட்டில் யார் என்று அவனைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை, தெரிந்த பதில்தான். ஒரு பெரிய வண்டியைத் தினமும் உப்புப் போகக் கழுவ இரண்டு குடம் வேண்டும். இந்தக் கணக்கை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை: லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போடுகிறார்கள், நாளைக்கு அம்மாவின் இடுப்புக்கு இத்தனை குடம் என்று போடுவதில்லை. தங்க ரதம் ஓட்டுகிறவன்கூட இந்த ஊரில் அதைக் கேட்டாக வேண்டும்.

கடைசியாக நான் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். எக்ஸ்எல்லை மாற்றுவண்டியாகக் கொடுக்காதே. ஷோரூமில் அதற்குத் தருகிற விலை ஒரு நல்ல நாள் இறால் விலைக்கு மேல் போகாது. அவர்களைப் பொறுத்தவரை அது பழைய இரும்பு. வீட்டைப் பொறுத்தவரை அது மீன் போகிற வழி. நைனா ஏலத்திலிருந்து பெட்டி கொண்டுபோவதும், தங்கை பொன்னேரியில் பஸ்ஸை விட்டுவிட்ட நாளில் வீடு திரும்புவதும் அதில்தான். இவன் தன்னுடைய சாலைக்கு ஒரு வண்டி தேடுகிறான். அதற்காக வீட்டின் சாலையை விற்கக் கூடாது. முன்பணம் குறைகிறதா, ஆறு மாதம் பொறு. சம்பளம் மாதம் வருகிறது, தவணை கட்ட முடியும். ஆனால் ஒப்பந்த வேலை என்பதால் குறுகிய தவணையாக எடு. பொன்னேரியில் உதிரிபாகமும் மெக்கானிக்கும் இல்லாத எந்த வண்டியையும் திரும்பிப் பார்க்காதே. கியர் வண்டிக்கு உரிமத்தை முதலில் எடு. ஹெல்மெட்டை வண்டி விலையில் சேர்த்துக் கணக்குப் போடு.

முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ புல்லட் வாணாமா சார்?” என்றான்.

“எக்ஸ்எல்லும் இருந்து, நூற்றைம்பதும் இருந்து, கடனும் இல்லாத ஒரு நாள் வந்தா வா. திருவொற்றியூர் வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே போயி பார்க்கலாம்” என்றேன். அவன் முகம் தெளியவில்லை. நான் அவன் வயதில் ஆர்எக்ஸ் 100 கேட்டபோது என் அப்பா இதைப் போல ஏதோ சொன்னார், எனக்கும் தெளியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனிடமிருந்து தொலைபேசி. உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டானாம். எந்த வண்டி என்று இன்னும் சொல்லவில்லை. ஷோரூம் சுவரில் சாய்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று அனுப்பியிருந்தான். பின்னால் ஒரு கறுப்பு நிற முந்நூற்றைம்பது நிற்கிறது. படத்தின் ஓரத்தில், தெருவில் நிறுத்திய எக்ஸ்எல்லின் முன்சக்கரம் தெரிகிறது. அதன் கீழே தரை ஈரமாக இருக்கிறது.